மூன்று குடும்பங்கள், ஒரே மீன்: திமிங்கில மீன் வகைப்பாட்டின் நிகழ்வு ஆய்வு

ஆழ்கடல் மீன்களின் வகைப்பாட்டில் ஒரு பிழை ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்றது. அதில் கையிட்டவர்கள் எல்லோரும் தேர்ந்த மீனியலாளர்கள். அவர்கள் எண்ணிய துடுப்புக் கதிர்கள் சரியாக இருந்தன, வரைந்த மண்டையோடுகளும் சரியாகவே இருந்தன. ஆனாலும் ஒரே மீனின் லார்வாவுக்கு ஒரு குடும்பம், ஆணுக்கு ஒரு குடும்பம், பெண்ணுக்கு ஒரு குடும்பம் என மூன்று குடும்பங்கள் நூல்களில் இடம்பெற்றன. 2009-ல் அவை ஒன்றாயின. அந்தப் பிழை எப்படி நுழைந்தது, எந்தச் சான்று அதைத் திருத்தியது, இதே வேலையை இன்று செய்பவர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பவையே இந்த ஆய்வின் பொருள்.

பதிவில் இருந்தவை

முதலில் வந்தது திமிங்கில மீன் குடும்பமான செட்டோமிமிடே. 1895-ல் கூட், பீன் என்ற இரு மீனியலாளர்கள் அதை நிறுவினார்கள். 1989-ல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஜான் பாக்ஸ்டன் குடும்பம் முழுவதையும் மறு ஆய்வு செய்து நான்கு புதிய பேரினங்களைச் சேர்த்தார். இன்று சுமார் 20 சிற்றினங்களும் 9 பேரினங்களும் இதில் உண்டு. செட்டோமிமஸ், கைரினோமிமஸ், செட்டோஸ்டோமா, டைட்ரோபிக்தைஸ் ஆகியவை அதற்கு முன்பே இருந்த பேரினங்கள்.

இரண்டாவது மிராபின்னிடே, அதாவது நாடாவால் மீன்கள். இதன் கதை ஒரு தனி மாதிரியில் தொடங்குகிறது. 1911-ல் அசோர்ஸ் தீவுகளுக்கு வடக்கே கடலின் மேற்பரப்பில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் பிடிபட்டது. உடல் முழுக்க மயிர்போன்ற தோல் வளர்ச்சி. 1956-ல் பெர்டெல்சனும் மார்ஷலும் அதற்கு மிராபின்னா ஏசா என்று பெயரிட்டார்கள். விவிலியத்தில் வரும் ஏசா மயிரடர்ந்த உடல் கொண்டவன், அதனால் அந்தப் பெயர். நாடாபோல் நீண்ட வாலுடைய யூட்டீனியோபோரஸ், பாராட்டீனியோபோரஸ் வகை மீன்களையும் இதனுடன் சேர்த்து, ஒரு குடும்பத்தோடு நிற்காமல் ஒரு புதிய வரிசையையே உருவாக்கினார்கள்.

மூன்றாவது மெகாலோமிக்டெரிடே, அதாவது பெருமூக்கு மீன்கள். 1966-ல் மையர்ஸும் ஃப்ரைஹோஃபரும் நிறுவியது. மெகாலோமிக்டர், அட்டாக்ஸோலெபிஸ் என இரண்டு பேரினங்களை அவர்கள் புதிதாக விவரித்தார்கள். 1955-லேயே பெயரிடப்பட்டிருந்த விட்டியாசியெல்லா, செட்டோமிமாய்டஸ் இரண்டும் இதே குடும்பத்துக்கு வந்தன.

மூன்றும் வகைப்பாட்டில் அக்கம்பக்கமாக வைக்கப்பட்டிருந்தன. உறவு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு நெருங்கிய உறவு என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

மூன்று உடல்கள்

மூன்றையும் பக்கம் பக்கமாகத் தட்டில் வைத்துப் பார்த்தால் பழையவர்கள் ஏன் பிரித்தார்கள் என்பது உடனே விளங்கும்.

நாடாவால் மீன் ஒல்லியானது, செதில் அற்றது. வாய் சிறியது, மேல்நோக்கித் திறப்பது. இடுப்புத் துடுப்பு உண்டு. அது இருக்கும் இடம் தொண்டைக்குக் கீழே, மார்புத் துடுப்புக்கும் முன்னால். வால் துடுப்பிலிருந்து தோலால் ஆன ஒரு நாடா நீள்கிறது. முழுமையாகக் கிடைத்த மாதிரிகளில் அது உடல் நீளத்தைப் பல மடங்கு தாண்டும். வலையில் வரும்போது பெரும்பாலும் அறுந்துபோவதால், நாடா இல்லாத மாதிரியை வேறு மீன் என்று எண்ணிவிடுவது எளிது. மிராபின்னாவில் நாடாவுக்குப் பதில் வால் துடுப்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், இடுப்புத் துடுப்பு இறக்கைபோல் பெரிதாக இருக்கும். இவை எல்லாம் கடலின் மேல் 200 மீட்டருக்குள், உணவு மிகுந்த நீரில் பிடிபட்டவை. குடலைத் திறந்தால் கோபிபாடுகள் என்ற நுண்ணிய மிதவை உயிரிகள் அடைத்துக் கிடக்கும்.

பெருமூக்கு மீன் சில செ.மீ. மட்டுமே நீளும். தலையின் முன்பகுதியை மோப்ப உறுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். கண்ணைவிட மூக்கு பெரிது என்றால் மிகையாகாது. மேல்தாடை அசையாது. உடலில் ஓடுபதித்த தரைபோல ஒழுங்கற்ற செதில்கள் உண்டு. இடுப்புத் துடுப்பு பெரும்பாலும் இராது. வயிற்றைத் திறந்தவருக்கு இன்னும் வியப்பு: உணவுக்குழலும் இல்லை, இரைப்பையும் இல்லை. இருப்பது பெரிய கல்லீரலும் முதிர்ந்த விந்தகங்களும்.

திமிங்கில மீன் மூன்றிலும் பெரியது, 40 செ.மீ. வரை வளரும். வாய் கண்ணுக்கு வெகு பின்னால் வரை கிடைமட்டமாகப் பிளக்கும். தோல் தளர்ந்தது, செதில் இல்லை. இடுப்புத் துடுப்பும் இல்லை, விலா எலும்புகளும் இல்லை. முதுகுத் துடுப்பும் மலப்புழைத் துடுப்பும் உடலின் கடைசிப் பகுதியில் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். கண் பெரும்பாலான சிற்றினங்களில் புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அந்த இழப்பை ஈடுசெய்வது பக்கக்கோடு: பெரிய வெற்றுக் குழாயாக உடல் நெடுக ஓடி, அகன்ற துளைகளால் வெளியே திறக்கிறது. இரை அசையும்போது நீரில் எழும் சிறு அழுத்த மாற்றத்தை இதனால் உணர முடிகிறது. இரைப்பை பலூன்போல் விரியக்கூடியது. தாடைகளும் துடுப்புகளும் பலவற்றில் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம். சிவப்பு ஒளி அந்த ஆழத்துக்கு எட்டாது என்பதால் அங்கே இந்த நிறம் கறுப்பைப்போலவே மறைத்துக்கொள்ளும். பெரும்பாலும் 1,000 மீட்டருக்குக் கீழே வாழும் இவற்றை உயிரோடு காண்பது அபூர்வம். கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடாவுக்கு அப்பால் 2021 ஆகஸ்டில் 2,013 மீட்டர் ஆழத்தில் ஒன்றைத் தொலை இயக்கக் கலம் படம்பிடித்தது. கலத்தை இயக்கிய மான்டெரே வளைகுடா கடல் ஆய்வு நிறுவனம் அதுவரையிலான 34 ஆண்டு ஆழ்கடல் பணியில் கண்ட திமிங்கில மீன்கள் மொத்தம் 18 மட்டுமே.

காலியாக இருந்த கட்டங்கள்

பிழைக்கான தடயம் எலும்புகளில் மட்டும் இல்லை, மாதிரிப் பட்டியலிலேயே இருந்தது. மூன்று குடும்பங்களின் மாதிரிகளையும் பாலினம், முதிர்ச்சி, பிடிபட்ட ஆழம் என்று மூன்று பத்திகளில் எழுதினால் போதும். 2009 வரை அறியப்பட்ட 600-க்கும் மேற்பட்ட திமிங்கில மீன்கள் அத்தனையும் பெண். 65 பெருமூக்கு மீன்கள் அத்தனையும் ஆண். 120 நாடாவால் மீன்களில் ஒன்றுகூட இனப்பெருக்க முதிர்ச்சி அடையவில்லை. எல்லாமே 56 மி.மீ.க்குக் குறைவு.

ஆண் இல்லாத குடும்பம், பெண் இல்லாத குடும்பம், முதிர்ந்தது இல்லாத குடும்பம். இப்படி எழுதிவைத்தால் விடை தானாகவே தெரிவதுபோல் இருக்கிறது. ஆனால் அன்றைய நிலையை நியாயமாகப் பார்க்க வேண்டும். ஆழ்கடல் மாதிரிகள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடந்தன. கையில் மூன்றே மீன் இருக்கும்போது மூன்றும் பெண்ணாக இருப்பது தற்செயல். அறுநூறும் பெண்ணாக இருப்பது தற்செயல் அல்ல, ஆனால் அறுநூறு சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. இன்னொரு காரணமும் உண்டு. பேரினங்களையும் குடும்பங்களையும் பிரிக்க அவர்கள் நம்பிய அடையாளங்கள் வாய், மூக்கு, செதில், இடுப்புத் துடுப்பு ஆகியவை. உருமாற்றத்தில் முதலில் மாறுபவையும் இவைதான்.

எச்சரிக்கை மணி முன்பே ஒருமுறை அடித்திருந்தது. 1965-ல் ராபின்ஸும் டி சில்வாவும் மேற்கு அட்லாண்டிக்கிலிருந்து காசிடோரான் ஏதோம் என்ற மீனை விவரித்து, அதற்காகப் புதுக் குடும்பம் அமைத்து, மிராபின்னா இருந்த அதே வரிசையில் சேர்த்தார்கள். ஏதோம் என்பது ஏசாவின் மறுபெயர்; உறவைப் பெயரிலேயே பொதிந்து வைத்தார்கள். 1977-ல் டி சில்வாவே எஷ்மையருடன் சேர்ந்து, காசிடோரான் தனி மீன் அல்ல, 1933-லேயே அறியப்பட்ட கிப்பெரிக்தைஸின் இளம்பருவம் என்று நிறுவினார். தான் அமைத்த குடும்பத்தைத் தானே கலைத்த அந்த நேர்மை மதிக்கத்தக்கது. அந்தக் கேள்வியை மிராபின்னாவுக்கும் நாடாவால் மீன்களுக்கும் நீட்டி உறுதிசெய்ய இன்னும் முப்பது ஆண்டு தேவைப்பட்டது.

மரபணுச் சான்றும் அதன் போதாமையும்

2003-ல் மசாகி மியாவின் ஜப்பானியக் குழு எலும்பு மீன்களின் 100 முழு மைட்டோகாண்ட்ரிய மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு ஒரு பெரிய உறவுமரம் வெளியிட்டது. அதில் ஒரு நாடாவால் மீனும் திமிங்கில மீன்களும் வெவ்வேறு குடும்பம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒட்டி நின்றன.

இப்படி ஒரு முடிவு வந்தால் முதல் ஐயம் ஆய்வகத்தின் மீதே வர வேண்டும். இரண்டு வெவ்வேறு மீன்களின் தொடர்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதற்கு மிக எளிய விளக்கம், ஒன்றின் திசு மற்றதன் குழாயில் கலந்தது என்பதே. ஆகவே மரபணு மட்டும் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. தனி மாதிரிகளிலிருந்து, தனியாகப் பிரித்தெடுத்த டி.என்.ஏ.வில் அதே விடை மறுபடி வர வேண்டும். அத்துடன் உடலமைப்பும் ஒத்துவர வேண்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது என்பதையும் மறக்கக் கூடாது. உறவை அது சொல்லும், வாழ்க்கைப் பருவத்தைச் சொல்லாது.

2009-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டேவிட் ஜான்சன், பாக்ஸ்டன், மியா உள்ளிட்ட குழு இரண்டு வழிச் சான்றையும் ஒருசேர முன்வைத்தது. நாடாவால் மீன் லார்வா, பெருமூக்கு மீன் ஆண், திமிங்கில மீன் பெண் என்பதே அதன் முடிவு. தொடர்கள் மறுபடியும் ஒத்தன. ஆனால் வழக்கை முடித்தவை உருமாற்றத்தின் நடுவே பிடிபட்ட மாதிரிகள்.

நடுவழியில் பிடிபட்ட மீன்

உருமாறிக்கொண்டிருக்கும் ஆண் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்தால் பாதி நாடாவால் மீன், பாதி பெருமூக்கு மீன். வாய் இன்னும் முழுதாக மாறவில்லை, மூக்கு விரியத் தொடங்கிவிட்டது. வயிறு புடைத்திருக்கிறது. உள்ளே கோபிபாடுகளின் பெரிய உருண்டை. ஆராய்ந்த உருமாறும் ஆண்கள் எல்லாவற்றிலும் இந்த உருண்டை இருந்தது. உணவுக்குழலும் இரைப்பையும் இல்லாத முதிர்ந்த ஆண் எதை வைத்து வாழ்கிறது என்ற கேள்விக்கு இதுவே விடையாகத் தெரிகிறது: கடைசியாக உண்ட அந்தச் சாப்பாடு கல்லீரலில் கொழுப்பாகச் சேர்கிறது. பிறகு அந்த ஆண் உண்பதே இல்லை. கல்லீரலில் இருப்பது தீர்வதற்குள் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு ஒரே கருவி மூக்கு. அசையாத மேல்தாடையும் பெரிய மோப்ப உறுப்பும் தனித்தனி விந்தைகள் அல்ல. ஒரே கணக்கின் வரவும் செலவும்.

பெண்ணின் உருமாற்றம் எதிர்த்திசை. மேல்நோக்கிய சிறு வாய் கிடைமட்டமாகத் திரும்பி நீள்கிறது, தாடை எலும்புகள் பின்னோக்கி வளர்கின்றன, செவுள் வளைவுகள் பெரிய இரையைப் பிடித்து உள்ளே அனுப்பும் அமைப்பாக மாறுகின்றன. லார்வா கடிக்கும் இரைக்கும் பெண் கடிக்கும் இரைக்கும் உள்ள வேறுபாட்டைத் தலை முழுவதும் எழுதி வைத்திருக்கிறது என்று சொல்லலாம். முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு தீவிரமான உருமாற்றமும் பாலின வேறுபாடும் வேறெங்கும் பதிவாகவில்லை என்பது அந்த ஆய்வுக் கட்டுரையின் கூற்று.

இதற்கிடையே மாறாமல் நிற்பவை எவை? முள்ளெலும்புகளின் எண்ணிக்கை, முதுகுத் துடுப்பு மற்றும் மலப்புழைத் துடுப்பின் கதிர் எண்ணிக்கை, அந்தத் துடுப்புகள் உடலில் நிற்கும் இடம். லார்வாவில் ஒருமுறை முழுமையாக அமைந்தபின் இவை வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கும். இடுப்புத் துடுப்பை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது: லார்வாவில் இருக்கும் அது உருமாற்றத்தில் கழிந்துபோகிறது. பருவங்களை இணைக்கும்போது முதலில் எண்ணிக்கை, பிறகு இடம், கடைசியாகத்தான் வடிவம் என்ற வரிசையில் நம்புவது பாதுகாப்பு.

மாதிரியைக் கையாளும் முறை

ஆழத்திலிருந்து வரும் மாதிரி இரண்டு சேதங்களோடு வருகிறது: வலை தோலை உரிக்கிறது, நாடாவையும் நீண்ட கதிர்களையும் அறுக்கிறது. தட்டில் இறக்கிய உடனே, எதிலும் போடுவதற்கு முன், ஈரம் காயாமல் நிழற்படம் எடுத்துவிட வேண்டும். நிறம் சில மணி நேரத்தில் போய்விடும்.

அடுத்தது திசு. உடலின் வலப் பக்கத்திலிருந்து ஒரு சிறு தசைத்துண்டு வெட்டி 95 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில் போட வேண்டும். மீன்களை இடப் பக்கம் பார்த்தே வரைவதும் அளப்பதும் வழக்கம், அதனால் அந்தப் பக்கத்தைக் கெடுக்கக் கூடாது. இதற்குப் பிறகே உடல் ஃபார்மலினுக்குப் போகலாம். வரிசை மாறினால் இழப்பு பெரிது: ஃபார்மலின் டி.என்.ஏ.வைத் துண்டாக்கிப் புரதத்தோடு பிணைத்துவிடும். பழைய ஜாடிகளிலுள்ள மாதிரிகளில் நீண்ட தொடர்கள் கிடைக்காததற்கு இதுவே காரணம். கத்தரியையும் இடுக்கியையும் ஒவ்வொரு மீனுக்கும் துடைத்துச் சுடரில் காட்ட வேண்டும். மேலே சொன்ன கலப்பு ஐயம் பின்னாளில் எழாமல் இருக்க வேறு வழியில்லை.

எலும்பைப் பார்க்கச் சாயமேற்றித் தெளிவாக்கும் முறையே இன்னும் முதன்மையானது. குருத்தெலும்புக்கு ஆல்சியன் நீலம், எலும்புக்கு அலிசரின் சிவப்பு. வழக்கமான கலவையில் 10 மி.கி. ஆல்சியன் நீலத்தை 80 மி.லி. 95 விழுக்காடு எத்தனாலும் 20 மி.லி. அடர் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் சேர்ப்பார்கள். அதில் ஒரு நாள். பிறகு எத்தனாலின் வலுவைப் படிப்படியாகக் குறைத்து நீருக்குக் கொண்டுவந்து, 30 மி.லி. நிறைவுற்ற போராக்ஸ் கரைசலும் 70 மி.லி. காய்ச்சி வடித்த நீரும் 1 கிராம் ட்ரிப்சினும் கலந்து, தசை கண்ணாடிபோல் ஆகும்வரை ஊறவைப்பது. நீலம் படிந்தால் கரைசலை மாற்ற வேண்டும். அடுத்து 0.5 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அலிசரின், கடைசியில் ஹைட்ராக்சைடிலிருந்து படிப்படியாகச் சுத்தமான கிளிசரினுக்கு மாற்றுவது. பூஞ்சை வராமலிருக்க ஒரு சில தைமால் படிகங்கள் போதும்.

இந்தக் குழு மீன்களில் தவறு நேர்வது முதல் படியில். அவற்றின் எலும்பில் சுண்ணம் குறைவு. அமிலக் கரைசலில் இரண்டு நாள் விட்டால் இருக்கும் சுண்ணமும் கரைந்துவிடும்; பிறகு அலிசரின் எதிலும் ஒட்டாது. மண்டையோட்டில் சிவப்பே இல்லை என்பதைப் பார்த்து எலும்பு உருவாகவில்லை என்று எழுதினால் அது மீனின் குணம் அல்ல, கரைசலின் குணம். காரச் சமன் செய்யாத ஃபார்மலினில் பல ஆண்டு கிடந்த மாதிரியிலும் இதே ஏமாற்றம் நடக்கும். சந்தேகம் இருந்தால் அதே கரைசலில் ஒரு சாதாரண மேற்பரப்பு மீனின் குஞ்சையும் சேர்த்துப் போடலாம். அதில் சிவப்பு வந்து இதில் வராவிட்டால் குறைந்தபட்சம் சாயத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு மாதிரியாக இருந்தால், குறிப்பாக அது ஒரு சிற்றினப் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட வகைமாதிரியாக இருந்தால், சாயத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. நுண் சி.டி. ஸ்கேனில் முள்ளெலும்பும் கதிரும் எண்ணக் கிடைக்கும், மாதிரியும் பிழைக்கும்.

பாலினத்தைப் பதிவது எளிது, ஆனாலும் பலர் விட்டுவிடும் வேலை. வயிற்றில் சிறிய வெட்டு போட்டு இனப்பெருக்கச் சுரப்பியைப் பார்த்து, ஆண், பெண், முதிராதது, பார்க்க முடியவில்லை என்ற நான்கில் ஒன்றை எழுத வேண்டும். நான்காவதை வெற்றிடமாக விட்டால் அடுத்தவர் அதை முதிராதது என்று வாசிப்பார்.

பெயர்களின் கணக்கு

குடும்ப அளவில் பிரச்சினை இல்லை. விலங்குப் பெயரிடல் விதிப்படி முன்வந்த பெயருக்கே முதலிடம். 1895-ன் செட்டோமிமிடே நிற்கிறது, 1956-ம் 1966-ம் அதன் இணைபெயர்களாகின்றன. பார்பூரிசியா, ரோண்டலேஷியா என்ற அண்டைக் குடும்ப மீன்களைத் தொட வேண்டிய தேவை எழவில்லை.

சிக்கல் பேரின அளவில். விதியின் பார்வையில் லார்வாவுக்கு இட்ட பெயரும் ஆணுக்கு இட்ட பெயரும் பெண்ணுக்கு இட்ட பெயருக்குச் சமமான தகுதி உடையவை. செட்டிக்தைஸ், டனாசெட்டிக்தைஸ், ராம்போசெட்டிக்தைஸ், புரோசெட்டிக்தைஸ் ஆகிய பெண் மீன்களின் பேரினப் பெயர்கள் 1989-ல் வந்தவை. விட்டியாசியெல்லாவும் செட்டோமிமாய்டஸும் 1955, மிராபின்னாவும் பாராட்டீனியோபோரஸும் 1956, அட்டாக்ஸோலெபிஸ் 1966. இவற்றில் ஏதாவது ஒன்று அந்த நான்கில் ஒன்றின் ஆணோ லார்வாவோ என்று உறுதியானால், ஆய்வாளர்கள் பழகிய 1989-ன் பெயர் விழுந்து பழைய பெயர் ஏற வேண்டும். பழைய பெயர் 1899-க்குப் பிறகு செல்லுபடியாகப் பயன்படாமல் இருந்தால் மட்டுமே முன்னுரிமையை ஆய்வாளரே தலைகீழாக்க விதி இடம் தருகிறது. இவை எல்லாம் அதற்குப் பின் பிறந்த பெயர்கள், அந்தக் கதவு மூடியே இருக்கிறது. பழகிய பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையத்திடம் தனி மனு போட வேண்டும்.

ஆகவே இணைக்கும் வேலை சிற்றினம் சிற்றினமாகவே நடக்க வேண்டும். ஒரு லார்வாவும் ஒரு பெண்ணும் ஒன்று என்று எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: முள்ளெலும்பும் கதிரும் ஒரே வரம்புக்குள் விழுகின்றனவா, தனித்தனி மாதிரிகளின் டி.என்.ஏ. ஒத்துப்போகிறதா, அதே வரம்புக்குள் விழும் வேறு சிற்றினம் அந்தக் கடலில் இல்லையா. கடைசிக் கேள்விக்கு விடை இல்லாமல் இணைத்தால், ஒரு பெயர் வேறொரு மீனின் தலையில் ஏறும். திசு எடுக்காமல் ஃபார்மலினில் போட்ட வகைமாதிரிகளுக்கு இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வழி குறைவு. அவற்றுக்கு எண்ணிக்கைதான் சாட்சி, அதே கடற்பகுதியில் புதிதாகப் பிடிபட்டு எத்தனாலுக்குப் போகும் அடுத்த நாடாவால் மீன்தான் துணைச் சாட்சி.